வீரர் தேர்வு தவறும் இடங்கள்

விளையாட்டு அணிகள் இளையோரைத் தேர்ந்தெடுக்கும்போது, பிற்காலத்தில் பெரும்புகழ் பெறப்போகிறவர்களைத் திரும்பத் திரும்பத் தவறவிடுவதற்குத் தேர்வாளர்களின் அறியாமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஆண்டு முழுவதும் உலகைச் சுற்றிவரும் வல்லுநர்களையும், ஒவ்வோர் எறிதலையும் பதிவுசெய்து ஆராயும் கணினிகளையும் வைத்திருக்கும் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகளே ஏறத்தாழ ஆண்டுதோறும் இத்தவற்றைச் செய்துவருவதைக் காணும்போது, அறியாமை என்ற ஒரு சொல்லால் இதை விளக்கிவிட முடியாது என்பது புலப்படும். சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள கூடைப்பந்துத் தளங்களில் மாலைவேளைகளில் ஆடும் பிள்ளைகள் கொண்டாடும் பெயர்களான ஸ்டீபன் கரி, யானிஸ் அன்டெடோகூன்போ, நிக்கோலா யோக்கிச் ஆகிய மூன்றும், தேர்வு நாளன்று பல அணிகள் கேட்டுவிட்டு வேண்டாமென்று கடந்துபோன பெயர்களே.

இத்தேர்வு முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புதிதாக வரும் ஆட்டக்காரர்களை 30 அணிகளும் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் இந்த ஆண்டு நிகழ்வு, 1989 முதல் இரண்டு சுற்றுகளாக நடைபெற்று வருகிறது. ஆகவே வழக்கமாக அறுபது பேர் வரை தேர்வு பெறுவர். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருக்குமாறு குலுக்கல் முறை அமைந்திருப்பதால், வலுவிழந்த அணிகள் மீண்டெழ இது வழிசெய்கிறது. 2005ஆம் ஆண்டின் தொழிலாளர் உடன்பாட்டுக்குப் பிறகு, தேர்வாகும் ஆண்டில் ஆட்டக்காரருக்குக் குறைந்தது 19 வயது நிறைய வேண்டும் என்ற விதி வந்தது. அதாவது, பதின்ம வயதின் இறுதியில் நிற்கும் ஒருவர் இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பார் என்று இன்றே சொல்ல வேண்டிய பொறுப்பு அணிகளின்மீது விழுகிறது.

தவறவிடப்பட்டவர்களின் பெயர்களை அடுக்குவது எளிது. 1984இல் மைக்கேல் ஜோர்டன் மூன்றாமிடத்தில் சிகாகோ அணிக்குக் கிடைத்ததற்குக் காரணம், இரண்டாமிடத்தில் இருந்த போர்ட்லண்ட் அணி, கிளைட் டிரெக்ஸ்லர் என்ற சிறந்த ஆட்டக்காரரை அதே வகை இடத்துக்கு ஏற்கெனவே வைத்திருந்ததால், உயரமான சாம் பவியைத் தேர்ந்தெடுத்ததே ஆகும். கால் காயத்தால் கல்லூரியில் இரண்டு பருவங்களை இழந்திருந்த பவி, தொழில்முறை ஆட்டத்திலும் அடுத்தடுத்த காயங்களால் தடுமாறினார். 2009இல் கரி ஏழாவதாகவும், 2013இல் அன்டெடோகூன்போ பதினைந்தாவதாகவும், 2014இல் யோக்கிச் நாற்பத்தொன்றாவதாகவும் தேர்வாயினர். நான்கு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது பெற்ற பென் வாலஸை 1996இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

எனினும், முடிவு தெரிந்தபின் பட்டியலைப் படிப்பவர் தேர்வாளர்களுக்கு அநீதி இழைக்கவும் கூடும். யோக்கிச்சைக் கண்டெடுத்த பெருமை டென்வர் அணிக்கு உரியது என்பது உண்மையே. ஆயினும் அதே இரவில் அந்த அணி முதல் சுற்றிலேயே, யோக்கிச் ஆடும் அதே நடு இடத்துக்கு யூசுப் நூர்கிச் என்னும் வேறொருவரைப் பெற்றுக்கொண்ட பிறகுதான், இரண்டாம் சுற்றில் யோக்கிச்சை நாடியது. அவர்மேல் உறுதியான நம்பிக்கை இருந்திருந்தால் நாற்பத்தொன்றாம் இடம்வரை எந்த அணியும் காத்திருக்காது. பின்னாளில் 2021, 2022, 2024 ஆகிய மூன்று பருவங்களில் கூட்டமைப்பின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதையும், 2023இல் டென்வருக்கு வாகையையும் பெற்றுத்தந்த அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்டெடுத்தவர்களும் கைவிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு இருட்டில்தான் நின்றார்கள் என்பதை ஒப்புக்கொண்டால்தான், எதனால் இருட்டு என்ற கேள்விக்கு நேர்மையாக விடை தேட முடியும்.

முதற்காரணம் அளவுகோல். தேர்வுக்கு முன் நடைபெறும் உடற்தகுதிச் சோதனையில் காலணியில்லாத உயரம், இரு கைகளையும் விரித்தால் விரல்நுனி முதல் விரல்நுனி வரை கிடைக்கும் நீளம், நின்ற இடத்திலிருந்து துள்ளும் உயரம், குறுந்தொலைவு ஓட்ட நேரம் ஆகியவை துல்லியமாகக் குறிக்கப்படுகின்றன. துல்லியமாக அளக்கக்கூடியது எதுவோ அதுவே முக்கியமானதாகவும் தோன்றத் தொடங்குவது மனித இயல்பு. 2007இல், படுத்தபடி 185 பவுண்டு, அதாவது சுமார் 84 கிலோ எடையை ஒருமுறைகூட உயர்த்த இயலாத கெவின் டூராண்ட்டின் வலிமை குறித்து அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அவர் இரண்டாமிடத்தில் தேர்வாகி, கூட்டமைப்பின் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர்களுள் ஒருவராக உயர்ந்தார். முதலிடத்தில் தேர்வான கிரெக் ஓடனோ முழங்கால் காயங்களால் மொத்தம் 105 பருவ ஆட்டங்களோடு ஓய்ந்தார். யோக்கிச்சின் நிலை இன்னும் கடினமானது. பருத்த உடலும் மெதுவான ஓட்டமும் குறைந்த துள்ளலும் அளவுநாடாவுக்கும் நிறுத்துகடிகாரத்துக்கும் உடனே அகப்பட்டன. ஆனால் சக ஆட்டக்காரர் அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே உணர்ந்து பந்தை அனுப்பும் அவருடைய பார்வையை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அளக்க முடிந்த குறைகள் எண்களாகத் தாளில் ஏறின. அளக்க முடியாத நிறைகள் ஒரு பயிற்றுநரின் கருத்தாக மட்டுமே எஞ்சின. இரண்டும் ஒரே மேசைக்கு வரும்போது எண் வெல்வது வியப்பன்று.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது; ஆனால் எல்லாவற்றிலும் ஆழமானது. தேர்வாளர்கள் ஒருவரை மதிப்பிடும்போது, அன்றைய ஆட்டமுறையைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள்; அவரோ, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நிலவப்போகும் ஆட்டமுறையில்தான் தம் முழு ஆற்றலோடு ஆடப்போகிறார். கூடையிலிருந்து தொலைவில் வரையப்பட்ட கோட்டுக்கு அப்பால் நின்று எறிந்தால் மூன்று புள்ளிகள் என்ற விதி என்பிஏவில் 1979இல் வந்தது. ஆயினும் கரி தேர்வான காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 18 முறை அளவிலேயே அவ்வாறு எறிந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 35ஐத் தாண்டியிருக்கிறது. ஒல்லியான உடலும் சிறிய கல்லூரியொன்றின் பின்னணியும் கொண்டு, தொலைவிலிருந்து எறிவதில் மட்டும் ஒப்பற்றவராக இருந்த ஓர் இளைஞரை, 2009இன் ஆட்டமுறை ஏழாமிடத்தில் வைத்தது பெரும்பிழை என்று சொல்லிவிட முடியாது. மறைந்துகொண்டிருந்த ஓர் ஆட்டமுறைக்கு அது பெரும்பாலும் சரியான கணிப்பே. கரி அந்த ஆட்டமுறைக்குள் அடங்காமல் அதையே மாற்றிவிட்டார் என்பதுதான் கணிப்பைப் பொய்யாக்கியது. ஆட்டத்தை மாற்றப்போகிறவரைப் பழைய ஆட்டத்தின் அளவுகோலால் அளப்பதைத் தவிர வேறு வழி அப்போது தேர்வாளர்களுக்கு இருக்கவில்லை என்பதே இச்சிக்கலின் கடினமான பகுதி.

மூன்றாவது, பழக்கப்பட்ட தோற்றத்தின்மேல் உள்ள நம்பிக்கை. தைவானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெரமி லின்னை 2010இல் ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னர் சேர்த்துக்கொண்ட அணியும், அதன்பின் எடுத்த ஹூஸ்டன் அணியும் 2011 டிசம்பரில் அவரை விடுவித்தன. 2012 பிப்ரவரியில், வேறு வழியின்றி நியூயார்க் அணி களமிறக்கியபோது, லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்தது உட்பட அவர் ஆடிய ஆட்டங்கள் ஆசியா முழுவதும் பேசப்பட்டன. ஹூஸ்டன் அணியின் மேலாளராக இருந்த டேரில் மோரி, தம் கணினிக் கணிப்பு லின்னை உயர்வாகவே மதிப்பிட்டிருந்தும், அவர் உடற்திறன் குறைந்தவர் என்ற எண்ணம் பார்த்தவர் அனைவரிடமும் இருந்ததால் அக்கணிப்பைப் புறந்தள்ளியதாகவும், அவர் ஆசியர் என்பதே அந்த எண்ணத்துக்குக் காரணமாக இருந்திருக்கும் என்றும் பிற்காலத்தில் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸிடம் ஒப்புக்கொண்டார். கணினி இருந்தும் கண்ணே வென்றது என்பது இதில் கவனிக்கத்தக்கது. இதற்கு எதிர்ப்புறத்தில், வியக்கவைக்கும் உயரம் தேர்வாளர்களைக் கவர்வதும் உண்டு: லூதியானா கூடைப்பந்துக் கழகத்தில் பயிற்றுநர் சங்கரன் சுப்பிரமணியனிடம் பயின்ற, ஏழடி இரண்டங்குல உயரமுள்ள பஞ்சாபின் சத்னாம் சிங், 2015இல் ஐம்பத்திரண்டாவதாகத் தேர்வாகி, அந்நிலையை எட்டிய முதல் இந்தியர் ஆனார், ஆனால் என்பிஏ ஆட்டமொன்றில் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

இதுவரை சொன்னவை தேர்வு நாளின் பிழைகள். அந்நாள் கடந்தபின் அப்பிழை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் விதம் இதைவிட வருந்தத்தக்கது. 1980 முதல் 1986 வரை தேர்வான ஆட்டக்காரர்களை ஆராய்ந்து பேரி ஸ்டா, ஹா ஹோவாங் ஆகிய இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, களத்தில் ஒரே தரத்தில் ஆடுகிறவர்களிடையேகூட, முன்னதாகத் தேர்வானவருக்குப் பின்னதாகத் தேர்வானவரைவிடக் கூடுதல் ஆட்டநேரமும் நீண்ட தொழில்வாழ்வும் கிடைத்ததைக் காட்டியது. ஏற்கெனவே செலவிட்டுவிட்ட, இனி திரும்பப் பெற முடியாத ஒன்றை முன்னிட்டு, அதே வழியில் மேலும் செலவிடும் இந்த மனப்போக்கைப் பொருளியலார் மூழ்கிய செலவின் பிடி என்பர். விலை கொடுத்து வாங்கியவருக்கு வாய்ப்பு மேல் வாய்ப்பு தரப்படுகிறது. வாய்ப்பினால் அவர் மேம்படுகிறார். மேம்பட்டதும் தேர்வு சரி என்று நிறுவப்படுகிறது. இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர், வேறொருவர் காயம்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ் வாசகர்கள் இதனை ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தில் கண்டிருக்கிறார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன், டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் வழியே கவனம் பெற்று, 2017இல் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணியால் வாங்கப்பட்டார். அப்பருவத்தில் பெரிதாக எதுவும் அமையாததால் மறு ஆண்டு அவருடைய விலை 40 லட்சமாகச் சரிந்தது. வாங்கிய ஹைதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2020இல் தொடர்ந்து ஆடவிட்டபோது 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகளை வீழ்த்திய அவர், வலைப்பயிற்சிக்குப் பந்துவீசுபவராக ஆஸ்திரேலியா சென்று, அதே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2018இலும் 2020இலும் பந்தைப் பிடித்த கை ஒன்றே. இடையில் மாறியது களத்தில் நிற்கக் கிடைத்த நேரம்.

சிங்கப்பூருக்கே உரிய சான்று டிம் டேவிட். 1996இல் இங்கே பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் பெர்த் நகருக்குச் சென்ற அவர், மேற்கு ஆஸ்திரேலிய மாநில அமைப்புக்குள் நுழைந்தும், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் வெளியே நிற்க நேர்ந்தது. உலகின் மிகச்சிறந்த கிரிக்கெட் வளர்ப்பு முறைகளுள் ஒன்று அவரைப் பார்த்து, எடைபோட்டு, வேண்டாமென்று முடிவுசெய்துவிட்டது. அந்நிலையில், அவருடைய தந்தை ராட் டேவிட் 1997இல் ஆடிய அதே சிங்கப்பூர் அணி அவருக்குக் கதவு திறந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாலஸ்டியர் சாலையின் இந்தியர் சங்கத் திடலில், 2019 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் ஆசிய வட்டார இறுதிக்கட்ட ஆட்டங்களில் அவர் சிங்கப்பூருக்காக அறிமுகமானார். வேலைக்கும் படிப்புக்கும் இடையே நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்வோரைப் பெரிதும் நம்பியிருந்த அந்த அணி, அவ்வாண்டு செப்டம்பரில் அதே திடலில், டெஸ்ட் ஆடும் நாடான ஸிம்பாப்வேயை 4 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த அடுத்த சுற்றின் தொடக்க நாளில் ஸ்காட்லாந்தையும் வீழ்த்தியது.

டேவிட் சிங்கப்பூருக்காக ஆடிய 14 இருபது ஓவர் ஆட்டங்களில் 558 ஓட்டங்களை, நூறு பந்துக்கு 158க்கும் மேற்பட்ட ஓட்டம் என்ற வேகத்தில் குவித்தார். இதில் ஒரு நிர்வாக முடிவின் பங்கு பெரிது. 2019 ஜனவரி முதல் உறுப்பு நாடுகள் அனைத்தின் இருபது ஓவர் ஆட்டங்களுக்கும் அனைத்துலகத் தகுதி உண்டு என்று அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் அறிவித்திருந்ததால், பாலஸ்டியரில் அடித்த ஓட்டங்களும் மெல்பர்னில் அடித்த ஓட்டங்களோடு ஒரே பதிவேட்டில் ஏறின; தொலைவில் இருந்த அணிகளின் கண்ணில் படும் வழி அப்படித்தான் திறந்தது. ஹோபார்ட், லாகூர், செயின்ட் லூசியா என்று அணி அணியாக ஆடிய அவரை 2021இல் பெங்களூர் அணி மாற்று வீரராக அழைத்தபோது, ஐபிஎல்லில் சேர்ந்த முதல் சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஆனார். மறு ஆண்டு ஏலத்தில், 40 லட்சம் அடிப்படை விலை கொண்ட அவருக்காக மும்பை அணி 8.25 கோடி ரூபாய் கொடுத்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுக்காக ஆடத் தொடங்கினார். 2025 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 37 பந்துகளில் நூறைக் கடந்து, ஆஸ்திரேலியாவின் அதுவரையிலான மிக விரைவான இருபது ஓவர் சதத்தை அடித்தார். ஆஸ்திரேலியாவின் தேர்வு முறை கைவிட்ட ஒருவரை, ஆஸ்திரேலியாவுக்கே மீட்டுக்கொடுத்தது சிங்கப்பூரின் ஒரு சிறு திடல் என்பதில் இந்நகரம் பெருமைகொள்ள முழு உரிமை உண்டு.

அந்தப் பெருமையோடு, உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2004இல் அறிமுகமான நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின்படி, தொடக்கநிலை ஆறில் பயிலும் மாணவர், இறுதித் தேர்வை எழுதுவதற்கு முன்பே, விளையாட்டு உள்ளிட்ட தம் திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறலாம். மதிப்பெண் மட்டுமே ஒரு பிள்ளையின் மதிப்பன்று என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த இத்திட்டம் பலருக்கு உதவியிருக்கிறது; 2018 முதல் பள்ளிகள் தம் இடங்களில் ஐந்தில் ஒரு பங்குவரை இவ்வழியே நிரப்ப முடிகிறது. ஆயினும் விளையாட்டைப் பொறுத்தவரை, என்பிஏ அணிகள் பத்தொன்பது வயதில் தடுமாறும் வேலையை இங்கே பன்னிரண்டு வயதில் செய்ய வேண்டியிருக்கிறது. அன்டெடோகூன்போ தேர்வான பிறகும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளர்ந்தார். பதினெட்டு வயதுக்காரரின் உடலே முடிவாகத் தெரியாத நிலையில், பன்னிரண்டு வயதில் பிடோக்கின் ஒரு தளத்தில் நிற்கும் சிறுவனின் உயரத்தைக் கொண்டு எதைச் சொல்ல முடியும்?

பிறந்த மாதமும் இதில் நுழைகிறது. சிங்கப்பூரில் ஒரே வகுப்பில் சேர்பவர்கள் ஜனவரி 2 முதல் மறு ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் என்பதால், ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். கனடாவின் இளையோர் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் முன்மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர்தம் உடனாய்வாளர்களும் 1985இல் எடுத்துக்காட்டினர். அதன்பின் பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதுவே காணப்பட்டது. மூத்த பிள்ளை சற்றே பெரிய உடலால் தேர்வாகிறது, நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் பெறுகிறது, பிறகு உண்மையிலேயே சிறந்ததாகிவிடுகிறது. ஸ்டாவும் ஹோவாங்கும் கண்ட அதே வட்டம் சிறுவர்களிடையேயும் சுழல்கிறது.

இந்நகரின் தடகள வரலாறு பொறுமைக்குத் தந்த பரிசுகளும் கண்முன் இருக்கின்றன. கால்பந்து ஆடிக்கொண்டிருந்த சி. குணாளன், இருபது வயதைக் கடந்த பிறகே பயிற்றுநர் டான் எங் யூனின் கண்ணில்பட்டு விரைவோட்டத்துக்கு வந்தார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் நூறு மீட்டரில் வெள்ளி வென்று, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 வினாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனையை 2001இல் யு.கே. ஷியாம் வினாடியில் நூற்றில் ஒரு பங்கால் முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் இருநூறு மீட்டர் தங்கம் வென்ற சாந்தி பெரேராவுக்கு, காயங்களாலும் தேக்கத்தாலும் அடுத்த இரு போட்டிகளில் அத்தங்கம் கிட்டவில்லை. 2022இல் மீண்டும் வென்ற அவர், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில், 1974க்குப் பிறகு அப்போட்டியில் சிங்கப்பூரின் முதல் தடகளத் தங்கத்தைப் பெற்றார். எந்த ஒரு தேதியில் கணக்கை முடித்திருந்தாலும் குணாளன், சாந்தி ஆகிய இருவரில் ஒருவர் விடுபட்டிருப்பார்.

ஆகவே, முதல் தேர்வை இன்னும் கூர்மையாக்குவதில் செலவிடும் முயற்சியைவிட, இரண்டாம் தேர்வொன்றை ஏற்படுத்தும் முயற்சிக்கே பயன் அதிகம். பெல்ஜியம் தன் கால்பந்து அமைப்பில், தாமதமாக உடல் வளரும் சிறுவர்களுக்கென்றே தனி இளையோர் தேசிய அணிகளை நடத்துகிறது. நெதர்லாந்தில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவர்களின் சட்டை எண்களை அவர்களுடைய வயது வரிசைப்படி அமைத்து, அதன் பொருளைத் தேர்வாளர்களுக்குச் சொல்லிவைத்தபோது, மூத்தவர்கள்பால் சாயும் போக்கு விலகியது. பிறந்த தேதிகளை வெறும் பட்டியலாகத் தந்தபோது அந்தப் பயன் கிட்டவில்லை. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பிடோக் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளிகள் பல அருகருகே இருக்கின்றன. பிடோக் நீர்த்தேக்கத்தை அடுத்துத் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டு வயதில் தேர்வாகாத பிள்ளைகளின் பெயர்களைப் பயிற்றுநர்கள் குறித்துவைத்து, உயர்நிலை மூன்றில் ஒருமுறையும், பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ சேரும்போது மற்றொரு முறையும் அவர்களைத் தளத்துக்கு அழைத்து, வயது வரிசைப்படி எண்ணிட்ட சட்டைகளோடு ஆடவிட்டுப் பார்ப்பது, அடுத்த பருவத்திலேயே தொடங்கக்கூடிய வேலை.